கழுத்தளவு நீர்

எங்கள் பக்கத்துத் தேவாலயக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு ரூத்தை உதாரணம் காட்டாத போதகர் குறைவு. என் கல்யாணத்திலும் காட்டினார்கள். கணவன் போகுமிடமெல்லாம் பின்னால் போகிறவள் என்பதாக. ரூத் அந்த வாக்கைக் கணவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் இறந்துபோயிருந்தான். மோவாபிலிருந்து பெத்லகேம் போகிற வழியில், மாமியார் நகோமிக்குக் கொடுத்தாள். இரண்டு விதவைகள், நடு ரோடு. சாட்சிக்கு ஓர் ஆண் இல்லை.

ஒப்பிலக்கிய வகுப்புக்காக மறுபடி படிக்கப்போனபோதுதான் யூத மரபு இந்த உரையாடலை எடுத்துக்கொண்ட விதம் தெரிந்தது. அங்கே ரூத் நல்ல மருமகள் மட்டுமில்லை, யூத மதத்துக்கு மாறி வருகிறவர்களின் முன்னோடி. நகோமி மூன்று முறை திரும்பிப் போகச் சொன்னதால், வருகிறவரை முதலில் தடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள் ரபிகள். ஆள் சேர்க்கிற மதம் இல்லை அது. ஒடுக்கப்பட்டுக் கிடக்கிற ஜனத்தோடு ஏன் வந்து சேர்கிறாய் என்று கேட்கச் சொல்கிறது தால்முத். தெரிந்துதான் வருகிறேன், அதற்கும் தகுதியில்லாதவள் என்று பதில் வந்தால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. சொர்க்கம் தருகிறேன் என்று அழைப்பதைவிட நேர்மையானது.

இன்று அந்த 'உடனே' மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீள்கிறது. ஓய்வுநாள், உணவு விதிகள், பிரார்த்தனை எல்லாம் படித்து, வாழ்ந்து காட்டி, மூன்று பேர் கொண்ட பெத் தின் என்ற நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும். ஆணுக்கு விருத்தசேதனம் உண்டு. கடைசியில் இருவருக்குமே மிக்வே என்ற நீர்த்தொட்டி. மழைநீரோ ஊற்றுநீரோ தானாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். மோதிரம், நகப்பூச்சு, காயத்தின் கட்டு எதுவும் உடம்பில் கூடாது. தலைமுடி மேலே மிதந்தாலும் முழுக்கு செல்லாது. பெண்ணைப் பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார வைப்பார்கள், அறிஞர்கள் வெளியே நின்று சட்டங்களைச் சொல்வார்கள் என்கிறது தால்முத்.

வெளியே என்ற அந்தச் சொல் பெண்ணின் மானத்துக்குக் காவல். ஆனால் உள்ளே நடந்தது செல்லுமா என்று தீர்மானிக்கிறவர்களும் வெளியேதான் நிற்கிறார்கள்.

2014 அக்டோபரில் வாஷிங்டனில் பாரி ஃப்ராய்ண்டல் என்ற பெயர்பெற்ற ஆர்த்தடாக்ஸ் ரபி கைதானார். மிக்வேயில் பெண்கள் உடை மாற்றுகிற அறையில் ரகசியக் கேமரா வைத்திருந்தார். மதம் மாற வந்த பெண்களை 'ஒத்திகை முழுக்கு' போடச் சொல்லியிருந்தார். ஒத்திகை! தால்முத்தில் அப்படி ஒன்று கிடையாது. கேட்டால் மாற்றம் தள்ளிப்போகுமோ என்ற பயம் உள்ளவளிடம்தான் இதைச் சொல்ல முடியும். 2015இல் ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்களுக்கோ, தாங்கள் இன்னும் யூதர்கள்தானா என்ற கவலை வந்தது. செல்லும் என்று ரபிகள் அமைப்பு அறிவிக்க வேண்டியிருந்தது. குற்றம் ஒருவருடையது, சந்தேகம் மற்றவர்கள்மேல்.

அஷ்தோதில் நடந்தது இன்னும் மோசம். மாறிப் பதினைந்து ஆண்டுகளான ஒரு பெண் 2007இல் விவாகரத்துக்காக ரபிகளின் நீதிமன்றத்துக்குப் போனாள். விவாகரத்தைக் கேட்டவளிடம் ஓய்வுநாள் கடைப்பிடிக்கிறாயா என்று கேட்டார்கள். பதில் திருப்தியில்லை. மாற்றம் செல்லாது என்றார்கள். யூத அடையாளம் தாய்வழி வருவதால், பிள்ளைகளும் யூதர் இல்லை என்றானது. 2008இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, அவளை மாற்றிய ரபியின் கீழ் மாறிய ஆயிரக்கணக்கானோரையும் சந்தேகத்தில் நிறுத்தியது. இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2012இல் இதைக் கண்டித்தது. பிறப்பால் யூதரானவர் ஓய்வுநாளில் கார் ஓட்டினாலும் யூதர்தான். அவரை யாரும் ரத்துசெய்வதில்லை.

சீர்திருத்தப் பிரிவில் 1972இலிருந்தும் கன்சர்வேட்டிவ் பிரிவில் 1985இலிருந்தும் பெண் ரபிகள் இருக்கிறார்கள். அவர்களின் பெத் தின்னில் பெண்களும் உட்காருகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் ரபிகள் பலர் அந்த மாற்றங்களை ஏற்பதில்லை.

மாறி வந்தவருக்குப் பழைய பிறப்பை நினைவூட்டிப் புண்படுத்தக் கூடாது என்பதும் தால்முத்தின் விதிதான். ரூத்தின் கதையைத் திரும்ப வாசித்தேன். வாக்குக் கொடுத்த பின்பும், வயலில் கதிர் பொறுக்கும்போதும், ஊர்வாசலில் போவாஸ் அவளை மணக்க மூப்பர்கள் முன் பேசும்போதும் அவள் மோவாபியப் பெண்தான். அந்தக் கடைசி அதிகாரத்தில் ரூத் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள்.