பிடிமண் கொடுத்தால்தான் குதிரை

அறந்தாங்கிப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் குளமங்கலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பெருங்காரையடி மீண்ட அய்யனார் முன் நிற்கும் 33 அடிக் குதிரை அவ்வளவு பிரசித்தம். மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளில் அது மூழ்கிவிடும். நான் தேடிப் போனது மண்குதிரைகளை, அவற்றைச் செய்யும் வேளார் வீட்டை.

"கோயில் குதிரைன்னா ஊரு பிடிமண் குடுக்கணும் தம்பி. அது வராம மண்ணுல கை வைக்கிறதில்ல" என்றார் பெரியவர்.

அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவை நடத்த ஊர் கூடி முடிவெடுத்ததும், கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி வெற்றிலை பாக்கோடு வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி, கண்மாய்க் களிமண்ணோடு சேர்ந்துவிடும். பிறகு யார் வீட்டு நேர்த்திக்கடனாக இருந்தாலும் அது ஊரின் குதிரை.

களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிக்கிறார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக. அவை இறுகிய பிறகே வயிறு. அவசரப்பட்டால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். நான் போனபோது பெரியவர் கழுத்து மணிச்சரம் ஒட்டிக்கொண்டிருந்தார். சிறு உருண்டையை வைத்துப் பெருவிரலால் ஓர் அழுத்து, ஈர்க்குச்சியால் ஒரு குத்து. ஒவ்வொரு மணியிலும் அவருடைய விரல் ரேகை பதிந்திருந்தது.

மழைக்கு, பிள்ளை வரத்துக்கு, மாடு கன்று பிழைக்க என்று நேர்ந்துகொண்ட குதிரைகள் இவை. இரவில் அய்யனார் இவற்றில் ஏறி எல்லையைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. குதிரைப் பொட்டல் என்னும் திடலில் கண் திறந்த பிறகுதான் மண் பொம்மை சாமியின் வாகனமாகிறது. அங்கிருந்து தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு போவார்கள்.

அதோடு சரி. வெயிலிலும் மழையிலும் நின்று காதுடைந்து, கால் சரிந்து மண்ணாகும், யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த திருவிழாவுக்கு அடுத்த குதிரை. பழையது அழிவதால்தான் வேளாரின் மகனும் தொழிலைக் கற்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவதைவிட இந்த ஏற்பாடு உயர்ந்தது என்பேன்.

அதற்குக் கண்மாய் மண் கிடைக்க வேண்டும். வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி மண் எடுக்க 2024இல் அரசு வழிசெய்தது பெரிய உதவி.

அய்யனார் சோலைக்குப் போனால், உடைந்து கிடக்கும் குதிரைத் தலையை வீட்டு அலங்காரத்துக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். ஆசையாக இருந்தால் வேளார் வீட்டில் பேரம் பேசாமல் ஒரு சின்னக் குதிரை வாங்குங்கள்.