செயற்கைச் சூரியன்

வெயிலை நிறுக்க முடியுமா? முடியும் என்கிறது அறிவியல். ஆனால், நிறுப்பதற்கு முன் வெயிலை ஒரே அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். வானத்துச் சூரியனோ எவருடைய சொல்லுக்கும் நிற்பவன் அல்லன். கேமரன் மலையில் வாழ்ந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் தேயிலைச் சரிவுகளில் பொன்னாய்ப் படரும் ஒளி, சிறிது நேரத்தில் மூடுபனிக்குள் மறைந்துவிடும். இத்தகைய சூரியனை நம்பி எந்தப் பொருளைச் சோதிப்பது?

ஆகவேதான் மனிதன் ஆய்வுக்கூடத்தில் ஒரு செயற்கைச் சூரியனைப் படைத்தான். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கான் மின்கலத்தை உலகிற்குக் காட்டியபோது, அது தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்று 20 பங்கையும் கடந்த தகடுகள் சந்தையில் உள்ளன. ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று கூற வேண்டுமானால், எல்லாவற்றுக்கும் ஒரே வெயில் வேண்டுமன்றோ?

என் தமக்கை மகன் கெடா மாநிலத்துக் கூலிமில், சூரியத் தகடு செய்யும் ஆலையொன்றில் பணிபுரிகிறான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். விடுமுறைக்கு ரிங்லெட் வந்திருந்தபோது தன் பணியை விளக்கினான். செனான் வாயு நிறைந்த விளக்கு கதிரவன் ஒளியை ஒத்த ஒளியைத் தரும். மிகையான கதிர்களை வடிகட்டிகள் நீக்கும். நொடியின் சிறு பகுதி நேரமே அவ்வொளி தகட்டின்மீது மின்னும். அதற்குள் மின்னோட்டமும் மின்னழுத்தமும் அளக்கப்படும். ஒளி சதுர மீட்டருக்கு 1000 வாட். தகட்டின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ். உலகெங்கும் இதுவே நியதி. விளக்கும் நாளடைவில் தளரும். ஆதலால், முன்பே அளந்து சான்று பெற்ற ஒரு மின்கலத்தைக் கொண்டு விளக்கையே சோதிப்பார்கள்.

“அந்த விளக்கு வெயிலும் நம் மலை வெயிலும் ஒன்றாடா?” என்று கேட்டார் அத்தான். சேமநிதிப் பணத்தில் கட்டிய வீட்டின் கூரைமேல் தகடுகள் பதிக்க அவர் எண்ணியிருந்தார். விற்பனையாளர் ஒருவர் தகட்டின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைக் காட்டி ஆசையூட்டியிருந்தார்.

“இல்லை அப்பா” என்றான் மகன். காற்றுமண்டலத்தை ஒன்றரை மடங்கு கடந்து சாய்வாக வரும் வெயிலே அந்த நியதி வெயில். நம் மலையோ நிலநடுக்கோட்டிற்கு நாலரைப் பாகை வடக்கே உள்ளது. நண்பகலில் சூரியன் உச்சியை ஒட்டியே நிற்பான். குளிர்ச்சி நமக்கு நன்மை. ஏனெனில், 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகடு நூற்றில் அரைப்பங்கிற்குச் சற்றுக் குறைவான ஆற்றலை இழக்கும். மூடுபனி நமக்குத் தீமை. ஆகவே, அந்த எண் தகட்டோடு தகட்டை ஒப்பிட உதவுமேயன்றி, நம் வீட்டிற்கு மாதந்தோறும் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று சொல்லாது.

எனக்கு என் அன்னையின் நினைவு வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடைக்கென்றும் மழைநீருக்கென்றும் எடையில் கழிப்பார்கள். ஈரக் கொழுந்து கனக்கும், கழிப்பது முறைதான். ஆயினும், எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவருடைய வாய்ச்சொல்லாகவே இருந்தது. “தண்ணீரை யார் தனியாக நிறுத்துப் பார்த்தது?” என்று அன்னை வீட்டில் கேட்பார், நிறுவைக்களத்தில் கேட்டதில்லை. கேட்டால் மறுநாள் எந்த மலைக்கு அனுப்புவார்களோ என்ற அச்சம்.

செயற்கைச் சூரியனிடம் நான் கண்ட சிறப்பு அதன் ஒளியன்று. எந்த நிலையில் அளந்தோம் என்பதை அது மறைக்காமல் சொல்வதே. சொல்லப்பட்ட நிலையை அறிந்தவன் கேள்வி கேட்கலாம். நம் மாணவர்க்கு எண்களைக் கற்பிக்கும்போது, அவற்றின் பின்னுள்ள நிலைகளைக் கேட்கும் துணிவையும் கற்பிக்க வேண்டும்.

அத்தான் விற்பனையாளரிடம், “இந்த மலையில், இந்தக் கூரையில், ஓராண்டில் எத்தனை யூனிட்? எழுத்தில் தாருங்கள்” என்று கேட்டிருக்கிறார். பதில் வந்த பிறகே பணம் கொடுப்பாராம்.