வேருக்குக் கூலி

கோடையில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மதுரைப் பக்கம் நன்னாரி சர்பத் கொடுப்பது வழக்கம். அதன் கைப்பக்குவம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பலரும் சர்பத் கடைக்காரரைத்தான் காட்டுவார்கள். எலுமிச்சையைப் பிழிந்து, ஊறிய சப்ஜா விதையை அள்ளிப் போட்டு அவர் ஆற்றித் தரும் அழகு கண்ணில் படுகிறது. சிரப் காய்ச்சும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பாதிப் பக்குவம் முடிந்துவிடுகிறது. கூலி குறைவாக இருப்பதும் அந்த வேலைக்குத்தான்.

நன்னாரியின் மணம் வேரின் தோலில் இருக்கிறது. நடுவில் ஓடும் வெளிறிய கட்டை வெறும் சக்கை. மண் போகக் கழுவிய வேரைப் பலகையில் வைத்துப் பெண்கள் சிறு கல்லால் தட்டுகிறார்கள். ஓங்கி அடித்தால் தோல் நசுங்கிக் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டும் படாமலும் தட்டினால் வெடிக்காது. அடி சரியாக விழுந்தால் தோல் நீளவாக்கில் பிளக்கும், கட்டையை நுனியில் பிடித்து உருவிவிடலாம். விரல் கனம்கூட இல்லாத வேர்களில் நாள் முழுக்க இதே வேலை; கூலியோ எடைக்கு. உலர்ந்த தோலை ஒன்றிரண்டாக இடித்து, வெந்நீரில் போட்டு, இரவு முழுக்க மூடி வைக்கிறார்கள். மூடுவதில்தான் சூட்சுமம். நன்னாரிக்கு மணம் தரும் வேதிப்பொருளும் வனிலாவின் வனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை, அமைப்பு மட்டும் வேறு. நன்னாரியின் அந்தப் பொருள் நீராவியோடு போய்விடும். திறந்த அண்டாவில் கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும், சிரப்பில் நிறம்தான் மிஞ்சும். பிறகு வடிநீரில் சர்க்கரைப் பாகு. பூத்துப்போகாமலிருக்கக் கொதியிலேயே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இதெல்லாம் வீட்டிலும் செய்யக்கூடியதுதான்.

எசென்ஸ் ஊற்றினாலும் இதே மணம் வருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறார்கள். மணம் வரும், மறுக்கவில்லை. வேரிலிருந்து இறங்கும் லேசான துவர்ப்பும் அடிநாக்கில் நிற்கும் கசப்பும் வராது. அவை இல்லாத சிரப் வெறும் இனிப்பாகவே தொண்டையில் இறங்குகிறது. உடம்புக்கு நல்லது என்ற விளம்பரத்தை மட்டும் நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். 100 கிராம் வேருக்கு 1 கிலோ சர்க்கரை போடுகிற பண்டம் இது. ஒரு டம்ளருக்கு 3 மேசைக்கரண்டி ஊற்றினால் 30 கிராம் சர்க்கரையாவது உள்ளே போகும். விருந்தாளிக்குக் கொடுக்கலாம், மருந்தென்று சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

வேருக்கும் அதைத் தட்டும் கைகளுக்கும் கூடக் கொடுக்க வேண்டும் என்றால் எழும் இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வேருக்கு நல்ல விலை வைத்தால் காட்டில் ஒரு கொடி மிஞ்சுமா? வேருக்குத் தட்டுப்பாடு வந்தால் ஊறுகாய்க்குப் போகும் மாகாளிக் கிழங்கு நன்னாரிக்குப் பதிலாக வந்து சேர்கிறது. மணம் ஒன்றுதான் என்பதால் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. அந்தக் கொடியும் மலைகளில் அருகி வருகிறது. ஆனால் அடிமாட்டு விலை காட்டைக் காப்பாற்றிவிடாது. கிலோவுக்குக் கிடைப்பது சொற்பம் என்றால் வயிற்றுப்பாட்டுக்காக இன்னும் அதிகமாகத்தான் தோண்ட வேண்டியிருக்கும்; மேல்வேரை மண்ணிலேயே விட்டு மூடிவர யாருக்கும் பொறுமை இருக்காது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை வனவாசிகளுக்குத் தந்திருக்கிறது. விலை பேசும் பலம் அதனால் மட்டும் வந்துவிடவில்லை. தோட்டத்தில் பயிரிடலாம், வேர்த்துண்டிலிருந்தே நன்னாரி முளைக்கும். வேர் திரள ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் கையில் காசில்லாத சிறு விவசாயி தயங்குகிறார். அந்த இடைக்காலத்துக்கு முன்பணம் தர வேண்டியவர் ஆண்டுதோறும் வேர் வாங்குகிற சிரப் தயாரிப்பாளர். பாட்டிலுக்குச் சில ரூபாய் கூடும், கூடட்டும்.