மாற்றிய சுருள்

2022 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதக் கடைசியில் ஒரு நாள், நாம் நீர்கொழும்புக்குப் புகையிரதமேறிச் சென்று பழைய மின்கிற்றார் ஒன்றை விலைபேசி வாங்கிவந்தோம். வாங்கியது பிழையன்று, வாங்கிய முறையில் ஒரு பிழை இருந்தது. அதை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் உழைப்பு, விலை, சுரண்டல் என்ற சொற்களை வகுப்பறையிலும் மேடையிலும் தாராளமாக வழங்கிவருகிறவர்கள் நாம். சந்தைக்குள் காலெடுத்து வைத்ததும் எவ்வளவு விரைவில் சந்தையின் ஆட்களாகிவிட்டோம் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

கிற்றார் எமக்கன்று. எமது தமக்கையின் மகளுக்கு. நான்கு ஆண்டுகள் வீணை பயின்றவள். பல்கலைக்கழகத்துக்குப் போனபின் அவளுக்கு இந்த ஆசை பிறந்தது. தமக்கைக்கு மனத்தாங்கல். எமது நண்பர் ஒருவர், பழைய தொழிற்சங்கவாதி, "அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் வாத்தியமா வாங்கப் போகிறீர்?" என்று கேட்டார். 1930களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்சில் ஜோர்ஜ் போஷாம் என்ற வாத்தியக்காரர் தட்டையான உலோகக் கிற்றாருக்குக் காந்தமும் சுருளும் பொருத்தியபோது, ஏகாதிபத்தியம் அவர் நினைவில் இருந்திராது என்று சொன்னோம். நடன மண்டபங்களில் எக்காளமும் முரசும் முழங்க, கிற்றார்க்காரன் கை நோக வாசித்தும் எவர் காதிலும் விழாமல் உட்கார்ந்திருந்தான். அந்தக் குறை தீர்க்கப் பிறந்தது மின்கிற்றார். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எதையும் இலேசில் ஒப்புக்கொள்பவரல்லர்.

புதிய கருவி எட்டாக்கனி. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிய காலமது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. பழையது ஒன்று விற்பனைக்கு உண்டென்று அறிந்து போனோம்.

விற்றவர் அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசும் நீர்கொழும்புக் கரையோரக் குடும்பம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உல்லாச விடுதிகளில் வாசித்தவர். 2019 ஏப்பிரில் 21 இல் குண்டுகள் வெடித்தபோது விடுதிகள் வெறுமையாயின. சற்றே தலைதூக்கியபோது 2020 இல் தொற்றுநோய் வந்தது. அதுவும் தணிந்து வெள்ளைக்காரர் திரும்பத் தொடங்கியபோது நாடே கடனிறுக்க முடியாதென்று கைவிரித்தது. "மூன்று தரம் எழும்பினேன், மாஸ்டர். இனி முழங்காலில் பலமில்லை" என்று சிரித்தார்.

நாம் போய்ச் சேர்ந்த வேளை மின்வெட்டு. மின்கிற்றாரை மின்சாரமின்றிப் பரீட்சிப்பது எப்படி? அவர் மடியில் வைத்து வாசித்துக் காட்டினார். பெட்டியில்லாத திண்மரக் கருவி; பக்கத்துவீட்டில் யாரோ ஈர்க்கிலைத் தட்டுவதுபோல் மெல்லிய சத்தம் மட்டும் வந்தது. "கரண்ட் வரட்டும், கேட்டுப் பாருங்கள்" என்றார். வரும் நேரம் எமது புகையிரதம் புறப்படும் நேரம்.

எம்முடன் மருமகளின் நண்பன் ஒருவன் வந்திருந்தான், மின்பொறியியல் மாணவன். மின்தடை அளக்கும் சிறு மீற்றர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கிற்றாரின் உயிர் அதன் பிக்கப்பில் இருக்கிறது. உருக்குத் தந்திகளின் கீழே சில காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி, தலைமயிரிலும் மெல்லிய, எனாமல் பூசிய செப்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று. தந்தி அதிரக் காந்தப்புலம் அசையும். புலம் அசையச் சுருளில் மின் எழும். 1831 இல் பரடே கண்ட விதிதான். லக்சபானவில் ஆற்றுநீர் மின்சாரமாவதும் இதே விதியால். நூல் போன்ற அக்கம்பி எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் போதும், சுருள் செத்துவிடும். ஆகவே மீற்றரைப் பொருத்தி, மின்தடை ஆறு கிலோ ஓம் அளவில் நின்றால் சுருள் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம்; மின்வெட்டு அதற்குத் தடையன்று.

மூன்று சுருள்களும் உயிரோடிருந்தன. ஆனால் மூன்றும் மூன்று கணக்குக் காட்டின. ஒன்று ஐந்தரைக்குச் சற்று மேல், ஒன்று ஆறு, மற்றது ஆறரை. மாணவன் நிமிர்ந்து பார்த்தான். "இவை தொழிற்சாலையில் போட்டவையல்லவே?" என்று கேட்டான்.

"இல்லை, தம்பி. போட்டவை செத்துப்போயின. கடற்காற்றுத் தின்றுவிட்டது. இவை நான் மாற்றியவை" என்றார் அவர். ஒளிக்கவில்லை. நாம் கேட்கும்வரை சொல்லவில்லை என்பதும் உண்மை.

85,000 ரூபா கேட்டிருந்தார். எமது வாயில் ஒரு வாதம் தானாக வந்து அமர்ந்தது. பழைய கிற்றார் சேகரிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு: 1950களின் அமெரிக்கக் கருவியில் பிக்கப் மாறியிருந்தாலும், மறுமுறை வர்ணம் பூசியிருந்தாலும் மதிப்பு மளமளவென்று சரியும். அந்தச் சாஸ்திரத்தை எடுத்துவிட்டோம். ஒறிஜினல் இல்லை, அளவுகள் ஒவ்வவில்லை, ஓசையையும் கேட்கமுடியவில்லை. அவர் விற்றதோ ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமைப்பைப் பார்த்து ஆசியத் தொழிற்சாலையொன்றில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய வகை. சேகரிப்போர் விதி அதற்குச் சற்றும் பொருந்தாது. அது எமக்கு அப்போதே தெரியும். தெரிந்தே பேசினோம். 62,000 ரூபாவுக்குப் படிந்தார். உள்ளே அவருடைய மனைவி அடுப்புக்கு விறகு முறிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காலத்தில் எரிவாயு எங்கே கிடைத்தது? அந்தச் சத்தமும் எமது பேரத்துக்கு உதவியது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் மின்சாரம் இருந்தது. மருமகள் இரவல் வாங்கிய ஒலிபெருக்கிப் பெட்டியில் கிற்றாரைக் கொளுவினாள். முதலில் ஓர் இரைச்சல், வண்டு முரல்வதுபோல. ஒற்றைச் சுருளுக்கு உடன்பிறந்த நோய் அது. சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 100 தரம் திசைமாறுகிறதல்லவா? சுருள் அதையும் தந்தியின் அதிர்வென்றே நம்பிப் பற்றிக்கொள்கிறது. பின்பு அவள் வாசித்தாள். நாம் இசை வல்லுநரல்லர். ஆயினும், தந்தி மீட்டிய இடத்தில் மணியும் அதன் வால்நுனியில் கொஞ்சம் கரகரப்புமாக வந்த அந்த ஒலி வீட்டிலிருந்த அனைவரையும் பேச்சை நிறுத்தவைத்தது. தமக்கைகூட அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

பின்னர் அவள் ஆளியை ஒரு படி தள்ளினாள். இரைச்சல் சட்டென்று நின்றது. மறுபடி தள்ளினாள்; வந்தது. இன்னொரு படி, மீண்டும் நின்றது. நடுச்சுருள் தன் அயற்சுருளுடன் சேர்ந்து ஒலிக்கும் இரு நிலைகளிலும் இரைச்சல் இல்லை. மாணவன் துள்ளியெழுந்தான். நடுச்சுருளை எதிர்த்திசையில் சுற்றி, அதன் காந்த முனைகளையும் புரட்டி வைத்தாலன்றி இது நடவாது. அப்படிச் செய்தால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் இரு சுருள்களிலும் ஒன்றுக்கொன்று எதிராக எழுந்து அழியும். தந்தியின் நாதம் மட்டும் கூடி நிற்கும். 1954 இல் வெளிவந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இந்த ஏற்பாடு இல்லை. ஐந்து நிலை ஆளியும் இல்லை, மூன்றே நிலை. வாசிப்பவர்கள்தாம் ஆளியை இரு நிலைகளுக்கிடையே நிறுத்தி இரண்டு சுருள்களை ஒருங்கே பேசவைத்தார்கள். 1977 இலேதான் நிறுவனம் ஐந்து நிலை ஆளியைத் தானாகப் பொருத்தத் தொடங்கியது.

மறுநாள் தந்திகளைத் தளர்த்தி முன்தகட்டைக் கழற்றினோம். சுருள்களைச் சுற்றிச் சாதாரணக் கறுப்பு நாடா. நடுச்சுருளின் அடியில் ஒட்டிய கடதாசித் துண்டில், பென்சிலால், இரண்டு சிங்கள எழுத்துகள். அவற்றின் கீழே 2018.11.

அதைக் கண்டபோது கலிபோர்னியாவின் ஃபுல்லர்ற்றன் நகரத்துப் பெண்ணொருவர் நினைவுக்கு வந்தார். அபிகெயில் இபாரா என்பது அவர் பெயர். 1956 இல் ஃபெண்டர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரும் அவரைப் போன்ற பெண்களும், சுழலும் சட்டத்தின்மேல் செப்புக் கம்பியை விரல்களால் வழிநடத்திச் சுருள் சுற்றினார்கள். விரல் வழிநடத்தியதால் ஒரு சுருளைப்போல் இன்னொன்று இராது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் திகதியும் இட்ட சுருள்களை இன்று பெருவிலை கொடுத்துத் தேடுகிறார்கள். அவர் ஓய்வுபெற்றது 2013 இல். கம்பனியை நிறுவிய லியோ ஃபெண்டரோ 1965 இலேயே அதை 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டார். அவர் வானொலி திருத்துபவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர்.

சேகரிப்போர் வணங்கும் 'ஒறிஜினல்' என்பது, அப்படியானால், கூலிக்கு வேலைசெய்த ஒரு பெண்ணின் விரல்தடம். அங்கே அளவுக்கு அளவு ஒவ்வாமை அருமை. அதற்கு விலை ஏறுகிறது. நீர்கொழும்பில் அதே ஒவ்வாமையை நாம் குறையென்று காட்டி 23,000 ரூபாவை அறுத்துக்கொண்டோம். அன்று ஒலிபெருக்கியில் கேட்கமுடியாத ஒலிக்கு, கேட்டிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்போம்? இந்தக் கேள்வி சில கிழமைகள் எம்முடன் இருந்தது. மே 9 ஆம் திகதிக்குப்பின் ஊரடங்கு; அதன்பின் எரிபொருள் வரிசை. காரணங்கள் வசதியாக வந்து சேர்ந்தன. ஜூன் நடுப்பகுதியில் பணத்தைக் கடித உறையிலிட்டுக்கொண்டு மறுபடி நீர்கொழும்புக்குப் போனோம்.

உறையை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "வியாபாரம் முடிந்தது, மாஸ்டர்" என்றார். முகம் இறுகியிருந்தது. எமது குற்றவுணர்வைத் தீர்த்துக்கொள்ள அவர் வீட்டுத் திண்ணையைத் தேடி வந்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. எமக்கு அப்போதுதான் விளங்கியது. நாம் பேச்சை மாற்றி, சுருள் சுற்றிய கை யாருடையது என்று கேட்டோம்.

முகம் தளர்ந்தது. மருதானைப் பக்கத்தில் மின்விசிறிக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் மோட்டார் சுற்றிக் கொடுக்கும் முதியவராம். கிற்றாரைக் கையால் தொட்டறியாதவர். செத்த சுருள்களைக் கொண்டுபோனபோது, இவரை முதலில் மூன்று நாள் கடைக்கு வரச்சொல்லி வாசிக்க வைத்திருக்கிறார். விடுதியில் எந்தப் பக்கம் விளக்குகள், குளிரூட்டி எங்கே, இரைச்சல் எப்போது கூடும் என்று வைத்தியரைப்போல் கேட்டிருக்கிறார். முதலிற் சுற்றியது பிடிக்காமல் தாமே அவிழ்த்து மறுபடி சுற்றியிருக்கிறார். எல்லாமாக 9,000 ரூபா. "ஐயாயிரம் கொடுத்தேன். மிச்சம் நாலாயிரம் ஈஸ்டருக்குப் பிறகு தருவதாகச் சொன்னேன்." சற்று நிறுத்தி, "2019 ஈஸ்டர்" என்றார்.

இரண்டாந்தரம் உறையை நீட்டினோம். அதைப் பிரித்து நாலாயிரத்தை மட்டும் எண்ணியெடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். "இது அந்த மனுசனுக்கு. நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்." மீதியைத் திருப்பித் தந்தார். நாம் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. புறப்படும் வேளை உள்ளே போய்ப் பழைய பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்துவந்தார். செத்துப்போன மூன்று பிக்கப்புகளும் அதற்குள் இருந்தன. "ஒறிஜினல், மாஸ்டர். அதைத்தானே கேட்டீர்கள்?"

அவர் பகிடியாகச் சொன்னாரோ வேறெப்படிச் சொன்னாரோ, புகையிரதம் முழுவதும் அந்தத் தகரம் எமது மடியில் கனத்தது.

மருமகள் அவற்றுள் ஒன்றை மேசையில் வைத்து, அது எங்கே அறுந்ததென்று பார்க்க வேண்டுமென்றாள். கம்பியின் வெளிமுனையைப் பிடித்து மெல்ல அவிழ்க்கத் தொடங்கினாள். முழுதும் அவிழ்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வரும் என்றான் மாணவன். செம்மயிர்ச் சுருள்போல் கம்பி அவள் மடியில் குவிந்தது. எழுநூறு சுற்றுவரை எண்ணியிருந்தாள், மின்சாரம் போயிற்று. நாம் மெழுகுதிரி கொளுத்தி வருவதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது.