பொடி வைத்த எஞ்சின்

போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஆசாமிக்குப் பொடி புதிதில்லை. காபிப் பொடி, ஏலப் பொடி, பெரிசுகளின் மூக்குப் பொடி என்று எங்கள் பொட்டிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் தும்மாமல் திரும்ப முடியாது. ஆனால், உலோகப் பொடியில் ராக்கெட் எஞ்சின் செய்கிறார்கள் என்றால் நம்பக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

செய்துவிட்டார்கள் சார்! எங்கள் மேற்கு மலை தெற்கே நீண்டு போய் முடிகிற பக்கம், மகேந்திரகிரியில், 2024 மே 9-ம் தேதி இஸ்ரோ அதை எரித்துச் சோதித்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின். 665 வினாடி நின்று எரிந்தது.

பழைய முறையில் அந்த எஞ்சினுக்கு 14 பாகங்கள், 565 கிலோ உலோகம். கடைந்து கழித்தது போக மிஞ்சியதுதான் எஞ்சின். புது முறையில் ஒரே பாகம். செலவான பொடி 13.7 கிலோ! ஒரு கல்யாண வீட்டுக்கு ரவை வாங்குகிற அளவு.

செய்முறை சுலபம்தான், படிப்பதற்கு! தலைமுடியைவிட நுண்ணிய பொடியை மெல்லிசாகப் பரப்புகிறார்கள். கம்ப்யூட்டர் சொன்ன கோட்டில் லேசர் ஓடுகிறது. பட்ட இடம் உருகி உறைகிறது. மேலே இன்னொரு அடுக்குப் பொடி, மறுபடி லேசர். காற்றுப் பட்டால் வம்பு என்பதால் ஆர்கன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் எல்லாம் நடக்கும்.

இதில் இன்னொரு வித்தையும் உண்டு. கலப்பு உலோகத்தை உலையில் காய்ச்சவே வேண்டாம். நிக்கல் தனி, குரோமியம் தனி, இரும்பு தனி எனப் பொடியாகத் தூவினால், லேசர் முனையிலேயே உருகிக் கலந்துவிடும். காபியில் சிக்கரியைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி, ஒரே பாகத்தில் இடத்துக்கு இடம் விகிதத்தை மாற்றலாம். சொதப்பலும் உண்டு. ஒரு பொடி உருகி, இன்னொன்று உருகாமல் நின்றால், கட்டி தட்டிய உப்புமா கதைதான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்கா வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். அக்கா மகன் மட்டும் சிரிக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்தவன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் குழாய் ஒட்டுவது முதல் டிராக்டர் டிரெய்லர் வரை அவன் கைதான்.

"மாமா, பழைய எஞ்சின்ல இருந்த வெல்டிங்கெல்லாம்?"

"பத்தொம்பது எடத்துல இருந்துச்சு மாப்ளே. இப்ப இல்ல."

"அப்ப எங்க பொழப்புல மண்ணு. அத இம்புட்டு சந்தோசமாச் சொல்றீக?"

அக்கா காபி டம்ளரை நங்கென்று வைத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்:

"என்ன கேஸ்னு சொன்னீக?"

"ஆர்கன்."

"அட! டிக் வெல்டிங்ல நாங்க அதத்தான ஊதுறோம்!"

பிடித்துவிட்டான். லேசர் செய்வதும் நுணுக்கி நுணுக்கி வெல்டிங்தான். பத்தொன்பது வெல்டிங் போய், எஞ்சின் முழுக்கவே வெல்டிங் ஆகிவிட்டது. அச்சடித்ததும் வேலை முடிவதில்லை. உள் விறைப்புப் போக உலையில் வாட்ட வேண்டும், அடித்தட்டிலிருந்து அறுக்க வேண்டும், கடைய வேண்டும், விரிசல் பார்க்க வேண்டும். சூடு பட்டால் உலோகம் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பது ஃபைல் தள்ளுகிற எனக்கா தெரியும்?

அந்த மெஷின் இப்போதைக்கு எங்கள் ஊருக்கு வராது. ஏலக்காய் ஸ்டோர் குழாய்களும் ஓட்டையாவதை நிறுத்தப்போவதில்லை. ஆனாலும் போன வாரம் மாப்பிள்ளை போன் பண்ணினான்.

"மாமா, கம்ப்யூட்டர்ல படம் போட எங்க சொல்லித் தர்றாங்க? விசாரிச்சுச் சொல்லுங்க. பீஸ் நீங்கதான் கட்டணும்!"

கட்டிவிட்டேன். திண்ணையில் பொடி வைத்துப் பேசினால் செலவு இப்படித்தான் வரும்.