தாயின் தட்டிலிருந்து பிடித்த மிச்சம்



எங்கள் வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில், நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. மகள் பிறந்து நாற்பது நாள் முடிந்து, தாய்வீட்டிலிருந்து மேலப்பாளையத்து வாடகை வீட்டுக்குத் திரும்பிய அன்று இரவு அதைத் தொடங்கினோம். ஜவுளிக்கடைக் கணக்கரின் சம்பளம் 18,500 ரூபாய், வாடகை 5,000. மீதியில் மூன்று உயிர்கள் வாழ வேண்டும், வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் இட்டோம். இதை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எந்த வரி யாருடையது என்பதை வாசிப்பவர் ஊகித்துக்கொள்ளலாம்.

சிக்கனத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எங்களிடம் சில செய்திகள் உண்டு. சொல்ல வெட்கப்படும் செய்தி ஒன்றும் உண்டு. பெருமையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

முதலில் கணக்கில் உறுத்தியது டயாப்பர். ஒன்று 11 ரூபாய், நாளொன்றுக்கு ஆறு, மாதத்துக்கு 1,980 ரூபாய். வீட்டில் வெளுத்துப்போன பழைய கைலிகள் ஐந்து இருந்தன. பலமுறை துவைத்த பருத்தியைவிடப் பிஞ்சுத் தோலுக்கு இதமான துணி வேறில்லை. அவற்றை முப்பது துண்டுகளாகக் கிழித்து ஓரம் தைத்தோம். இரவுக்கு மட்டும் ஒரு டயாப்பர் என்று வைத்துக்கொண்டதில் செலவு 330 ரூபாயாகக் குறைந்தது. தொழுகைக்குத்தான் சற்றுச் சிரமம். மடியில் சிறுநீர் பட்ட உடையோடு தொழ முடியாது என்பதால், தொழுகைக்கென்று ஓர் உடையைத் தனியே மடித்து, குழந்தையின் கைக்கும் காலுக்கும் எட்டாத ஆணியில் மாட்டி வைத்தோம்.

உடுப்புகளுக்கு அநேகமாகச் செலவே இல்லை. பிறந்த வீட்டுக்கு வந்தவர்கள் கொடுத்தவற்றுள் பதினொரு சட்டைகள் ஒரே அளவு; அவற்றில் நான்கை ஒருமுறைகூடப் போடாமலே மகள் வளர்ந்துவிட்டாள். அதன்பின் உறவினர் யாரேனும் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால், ஒரு வயதுக்கான அளவில் வாங்கி வாருங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லப் பழகினோம். தூளிக்கு உம்மாவின் பழைய பருத்திச் சேலை போதுமானதாக இருந்தது.

தடுப்பூசியில்தான் எங்கள் மனம் அதிகம் தடுமாறியது. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறாவது வாரத்து ஊசிகளுக்குச் சில ஆயிரங்கள் ஆகும் என்றார்கள். வலியில்லாத ஊசி, காய்ச்சல் வராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட சிறப்பு. பிள்ளைக்கு நல்லது எதுவோ அதைச் செய்ய வேண்டாமா என்று ஒருவர் கேட்க, பணம் எங்கே என்று மற்றவர் கேட்க, இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. பிறகு ஒரு புதன்கிழமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்குமான ஒரே ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, நிமோனியா தடுப்பூசி என்று அனைத்தையும் இலவசமாகவே கொடுத்தார்கள். ரோட்டாவும் நிமோனியா ஊசியும் ஒரு காலத்தில் பணம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே கிடைத்தவை. நோயைத் தடுக்கும் வேலையை அரசு ஊசியும் செய்கிறது, தனியார் ஊசியும் செய்கிறது. மகளுக்கு அன்றிரவு காய்ச்சல் வந்தது; எடைக்கேற்ற அளவில் கொடுக்கச் சொல்லிச் செவிலியர் தந்த மருந்தில் மறுநாள் தணிந்தது. அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகள் சில உண்டு. அவற்றில் எது தேவை என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, மாதம் சிறிது ஒதுக்கிப் போட்டோம்.

அகீகா விஷயத்தில் குடும்பத்தாரின் மனத்தாங்கலுக்கு ஆளானோம். முதல் பேத்தி, மண்டபம் பிடிக்க வேண்டும், முந்நூறு பேருக்குப் பிரியாணி போட வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. வளையலை அடகு வைத்தால் முடிந்துவிடும் என்று ஒருவர் யோசனையும் சொன்னார். ஒரு சுன்னத்தை நிறைவேற்ற வட்டியின் வாசலில் போய் நிற்பதா? மஹல்லா இமாமிடம் கேட்டோம். பெண் குழந்தைக்கு ஓர் ஆடு. அதுவும் வசதி உள்ளவருக்குத்தான். இப்போது இயலாவிட்டால் இயலும்போது கொடுங்கள் என்றார். ஏழாம் நாளில் முடி இறக்கியபோது அந்த முடியை ஆசாரியின் தராசில் நிறுத்திருந்தோம். ஒரு கிராமைக்கூட எட்டவில்லை. வெள்ளி கிராம் நூறு ரூபாயைச் சுற்றி விற்ற நேரம் அது. அந்தத் தொகையைச் சற்றுக் கூட்டியே ஸதக்காவாகக் கொடுத்தோம். மகளுக்குப் பதினான்கு மாதமானபோது ஆட்டை அறுத்து, தெருவுக்கும் சொந்தத்துக்கும் கறியாகவே பங்கிட்டோம். மனத்தாங்கல் கொண்டவர்களின் வீட்டுக்குப் பங்கை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், தேநீரும் கொடுத்தார்கள்.

இனி வெட்கப்படும் செய்தி.

நோட்டைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வெட்ட வேண்டிய செலவுகளைச் சிவப்பு மையால் கோடிட்டோம். தினம் இரண்டு முட்டை, மாதம் 360 ரூபாய். தினம் அரை லிட்டர் பால், 720 ரூபாய். வாரம் இரு முறை சாளை மீன், 640 ரூபாய். மூன்றும் சேர்ந்து 1,720 ரூபாய். குழந்தை தாய்ப்பால்தான் குடிக்கிறது, பெரியவர்கள் ரசமும் துவையலுமாகச் சில மாதம் சமாளிக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். மாத முடிவில் அந்த 1,720 மிச்சமாக நின்றபோது, அல்ஹம்துலில்லாஹ் என்று நோட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தோம். அந்தச் சொல் இன்னும் அங்கே இருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை.

அந்தச் சிக்கனத்தில் ஒரு நியாயமின்மை இருந்தது. எங்களுள் ஒருவருக்குக் கடையில் பதினொரு மணிக்கு வடையும் தேநீரும் கிடைத்தன. முதலாளி வீட்டு விசேஷம் என்றால் மதியம் கறிச்சோறும் கிடைத்தது. மற்றவர் வீட்டில் காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு என்று உண்டு, இரவில் நான்கு முறை எழுந்து பாலூட்டி, காலையில் முப்பது துணிகளைத் துவைத்துக் காயப்போட்டார். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இரண்டாம் மாதம் தலைசுற்றல் தொடங்கியது. குழாயடியில் ஒருநாள் குடத்தோடு சரிந்து விழுந்தபோது நல்லவேளையாகக் குழந்தை கையில் இல்லை. அடுத்த புதன்கிழமை ஊசி போடப் போன இடத்தில் செவிலியர் முகத்தைப் பார்த்ததும் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. குழந்தையின் எடையோ வளர்ச்சி அட்டையின் கோட்டில் ஒழுங்காக ஏறியிருந்தது. நாங்கள் அந்தக் கோட்டைக் காட்டி, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்றோம்.

“பிள்ளைக்குப் பால் வந்துரும்மா. நீங்க சாப்பிடலேன்னா அது உங்க உடம்புல இருந்து எடுத்துட்டு வரும்” என்றார் செவிலியர். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் ஒரு தாய்க்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார்.

நோட்டில் மிச்சம் என்று எழுதிய 1,720 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு விளங்கியது.

இதற்கிடையே, களைப்பில் எழ முடியாத இரவுகளுக்கென்று பால்மாவு டப்பா வாங்கத் தொடங்கியிருந்தோம். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் சுரக்கும். டப்பா உள்ளே வந்தால் சுரப்பு குறையும். குறைந்தால் இன்னொரு டப்பா வேண்டும். ஒரே மாதத்தில் ஐந்து டப்பாக்கள், 2,100 ரூபாய். முட்டையையும் மீனையும் வெட்டிப் பிடித்த மிச்சத்தை இது விழுங்கிவிட்டு மேலும் கேட்டது. குழந்தைப் பால்மாவை விளம்பரப்படுத்தக் கூடாது என்று இந்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எங்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. உடல்நிலை காரணமாகப் பாலூட்ட இயலாத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த டப்பா ஒரு நிஃமத். எங்கள் வீட்டுக்கு அது வந்த வழி வேறு.

அன்றிரவு சூரத்துல் பகராவின் 233ஆம் வசனத்தைத் தமிழாக்கத்தோடு மீண்டும் ஓதினோம். இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றிய வசனம் என்றே அதை அறிந்திருந்தோம். அதே வசனம், பாலூட்டும் தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் கடமையாக்குகிறது. எவருக்கும் சக்திக்கு மீறிச் சுமையில்லை என்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்பத்துக்கு ஆளாகக் கூடாது, தந்தையும் ஆளாகக் கூடாது என்கிறது. தாய்ப்பால் செலவில்லாதது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும் என்பதை அல்லாஹ் அந்த வசனத்திலேயே சொல்லிவிட்டான்.

அபூ சுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் போதிய அளவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்ட செய்தி புகாரியில் உள்ளது. அவருக்கும் அவருடைய பிள்ளைக்கும் போதுமானதை முறையோடு எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். அந்த அனுமதியில் தாய் முதலில் வருகிறார், பிள்ளை அடுத்து வருகிறது. எங்கள் நோட்டில் ‘குழந்தை’ என்று ஒரு பத்தி இருந்தது. ‘வீடு’ என்று ஒரு பத்தி இருந்தது. தாய்க்கென்று பத்தி இல்லை.

மறுநாள் புதிய பக்கத்தில் முதல் வரியாக ‘தாய்’ என்று எழுதினோம். முட்டை, பால், சாளை ஆகியவற்றோடு பேரீச்சையும் முருங்கைக்கீரையும் சேர்ந்தன. பால்சுறா கிடைக்கும் நாளில் உம்மா வந்து புட்டுச் செய்து கொடுத்தார்கள். சுகாதார நிலையம் இலவசமாகத் தந்து, அலமாரியில் பாதியிலேயே நின்றுபோன இரும்புச்சத்து மாத்திரைகள் மீண்டும் தொடங்கின. அங்கன்வாடியில் சத்து மாவு குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகுதான் என்று நினைத்திருந்தோம். பிரசவித்த தாய்க்கும் ஆறு மாதம் வரை உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். கேட்டு வாங்கக் கூச்சப்பட்டதில் இரண்டு மாதப் பொட்டலங்கள் போயிருந்தன. அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்காக டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. அந்தப் பெட்டகத்தை விருந்தாளிகளுக்கு உடைத்துக் கொடுத்ததையும் நினைத்து வருந்தினோம்.

துணி துவைப்பதும் கை மாறியது. டயாப்பரில் மிச்சமான 1,650 ரூபாயை ஒருவருடைய இடுப்புதான் ஈட்டித் தந்திருந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாங்கள் பயானில் பலமுறை கேட்டவர்களே. இப்போது ஃபஜ்ருக்குப் பிறகு முப்பது துண்டுகளும் மொட்டைமாடிக் கொடிக்குப் போய்விடும். எதிர்வீட்டு மாடியிலிருந்து முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் வீட்டுக் கொடியிலும் ஓர் ஆண் துணி உலர்த்துவதைக் கண்டோம்.

டப்பாவை விட்டு மீள ஏறத்தாழ மூன்று வாரமாயிற்று. ஹீமோகுளோபின் 11ஐத் தாண்ட நான்கு மாதமாயிற்று. மிச்சம் என்று பார்த்தால் அந்த மாதங்களில் நோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. 200, 350 என்று நிற்கிறது. ஒரு மாதம் பூஜ்யம்.

மகளுக்கு வருகிற ஷஅபானில் இரண்டு வயது நிறைகிறது. பால் மறக்கடிக்கும் பேச்சு வீட்டில் தொடங்கியிருக்கிறது. கைலித் துண்டுகளில் நன்றாக இருக்கும் பதினெட்டைக் கொதிநீரில் அலசி, சிறிதாகிப்போன சட்டைகளோடு ஒரு பையில் கட்டினோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஏழாம் மாதம் நடக்கிறது. பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெண் வாங்கி வைத்துவிட்டு, செலவுக் கணக்கெல்லாம் எப்படி எழுதினீர்கள், காட்டுங்கள் ராத்தா என்று கேட்டாள். நீல நோட்டைக் கொடுத்தோம். முதல் பன்னிரண்டு பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படி என்றோம். அவள் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்தே படிக்கத் தொடங்கினாள்.