கவரின் வெளிப்பக்கம்

1971 மார்ச் 8 ராத்திரி. நியூயார்க்கில் முகமது அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் குத்துச்சண்டை. எல்லாருடைய காதும் அங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் மீடியா என்று ஒரு சின்ன ஊர் (நிஜமாகவே ஊர்ப் பெயர் அதுதான்). அங்கிருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தின் கதவை உடைத்து, உள்ளேயிருந்த கோப்புகளை சூட்கேஸ்களில் அள்ளிக்கொண்டு போனது ஒரு குழு.

மொத்தம் எட்டுப் பேர். தலைவர் வில்லியம் டேவிடன், இயற்பியல் பேராசிரியர். பூட்டுத் திறக்க வந்த கீத் ஃபோர்சைத் ஒரு டாக்ஸி டிரைவர்; பூட்டு வேலையைத் தபால் வழியில் படித்தவர். பானி ரெய்ன்ஸ், மூன்று குழந்தைகளுக்கு அம்மா. கல்லூரி மாணவி மாதிரி அதே அலுவலகத்துக்குப் போய், எஃப்.பி.ஐ.யில் பெண்களுக்கு வேலை உண்டா என்று பேட்டி எடுத்தபடியே அலாரம் இருக்கிறதா என்று நோட்டம் பார்த்தார். பேசிய நேரம் முழுக்கக் கையுறையைக் கழற்றவில்லை. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஸ்னோடனைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் நான் இந்தத் திருட்டில் மாட்டிக்கொண்டேன். எட்டுப் பேரின் துணிச்சலைவிட, அவர்கள் எடுத்துவந்த காகிதங்களில் இருந்த அற்ப விஷயங்கள்தான் என்னை விடவில்லை. அரசை விமர்சிப்பவர்களை அடிக்கடி விசாரிக்கச் சொல்லி ஒரு குறிப்பு இருந்தது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தபால்பெட்டிக்குப் பின்னாலும் ஒரு ஏஜென்ட் நிற்கிறான் என்கிற பயம் அவர்களுக்கு வருமாம். ஸ்வார்த்மோர் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஒருவரையும் கறுப்பின மாணவர்களையும் கண்காணித்த விவரங்கள் இருந்தன. தகவல் கொடுத்தவர்கள் யார்? உள்ளூர் போஸ்ட்மாஸ்டர். கல்லூரி டெலிபோன் போர்டில் லைன் போட்டுக் கொடுத்தவர். பக்கத்திலேயே இருந்த சாதாரண மனிதர்கள்.

போஸ்ட்மாஸ்டர் என்று படித்ததும் மாமா ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் போஸ்ட்மேனாக சைக்கிள் மிதித்தவர். போன தடவை ஊருக்குப் போனபோது அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குப் பெரிய அதிர்ச்சியெல்லாம் இல்லை.

"கவரைப் பிரிச்சா படிச்சிருப்பாங்க, மாமா?"

"பிரிக்கணும்னு என்னப்பா அவசியம்? வாராவாரம் ஒரே கையெழுத்துல, அனுப்புறவன் பேரே இல்லாம, ஒரு பொண்ணுக்கு இன்லண்ட் லெட்டர் வரும். ஒரு வீட்டுக்கு கோர்ட்டுலேர்ந்து ரிஜிஸ்டர் தபால் வரும். மாசாமாசம் வந்துக்கிட்டிருந்த மணியார்டர் திடீர்னு நின்னுபோவும். அந்த வீட்டம்மா தெருமுனையிலயே நின்னுக்கிட்டு எம்முகத்தப் பாக்கும். இதுக்கு மேல உள்ள என்ன இருக்கு படிக்க?"

"யாராச்சும் உங்ககிட்ட வந்து கேட்டிருக்காங்களா?"

"கேக்காம? பொண்ணு பாக்க வர்றவன் கேப்பான், கடன் குடுத்தவன் கேப்பான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்கன்னு சொல்லிட்டு பெல்லடிச்சிக்கிட்டே போயிடுவேன்."

2013 ஜூன் மாதம் கார்டியன் பத்திரிகை வெளியிட்ட முதல் ஆவணம் எனக்கு அதற்குப் பிறகுதான் சரியாகப் புரிந்தது. ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் ஒன்று அது: வெரைசன் நிறுவனத்துக்கு ஒரு ரகசிய நீதிமன்றம் போட்ட உத்தரவு. சந்தேகத்துக்குரியவர், இல்லாதவர் என்ற பேதமே கிடையாது. யார் யாரை அழைத்தார்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்று எல்லா அழைப்புகளின் பதிவையும் தினமும் என்.எஸ்.ஏ.விடம் கொடுத்துவிட வேண்டும். பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று ஒபாமா சமாதானம் சொன்னார். அந்த உத்தரவைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர்கள் கேட்டது கவரின் வெளிப்பக்கத்தை மட்டும். அடுத்த வருஷம் என்.எஸ்.ஏ.வின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் ஒரு மேடை விவாதத்தில், மெட்டாடேட்டாவை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்றார். அமெரிக்கர்களின் இந்தப் பதிவுகளை வைத்து அப்படிச் செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மற்ற நாட்டுக்காரர்கள் அதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ரகசிய நீதிமன்றமே மீடியா திருட்டின் பேரப்பிள்ளை. திருடிய காகிதங்களில் ஒன்றின்மேல் ஒரு புரியாத சொல் இருந்தது: கோயின்டெல்ப்ரோ. என்.பி.சி. நிருபர் கார்ல் ஸ்டெர்ன் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். மார்ட்டின் லூதர் கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டி 1964-ல் எஃப்.பி.ஐ. மொட்டைக் கடுதாசி அனுப்பியது வரை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1975-ல் செனட்டின் சர்ச் கமிட்டி விசாரித்தது. இனி உளவு பார்ப்பதானால் நீதிபதியைக் கேட்டுவிட்டுச் செய் என்று 1978-ல் சட்டம் வந்தது. கேட்பதற்கென்றே அந்த நீதிமன்றமும் வந்தது. 2013-ல் அங்கே போய்க் கேட்டார்கள். கிடைத்துவிட்டது.

'மறைக்க ஒண்ணுமில்லன்னா எதுக்குப் பயம்' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஸ்வார்த்மோர் மாணவர்களிடமும் மறைக்க ஒன்றும் இல்லை. போர் வேண்டாம் என்றும் சம உரிமை வேண்டும் என்றும் நடுத்தெருவில் நின்று கத்தியவர்களின் காலம் அது. பார்க்கிறவனுக்கு ரகசியம் தேவைப்படவில்லை, ஒரு பட்டியல் போதுமாக இருந்தது. அதோடு, மாமாவின் 'கண்ணு தெரியலை'யைச் சொல்ல எந்திரத்துக்குத் தெரியாது. மனிதர்களில் சிலர் சொன்னார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பதிவுகளைத் தர மாட்டோம் என்று குவெஸ்ட் என்கிற தொலைபேசி நிறுவனம் மறுத்துவிட்ட செய்தி 2006-ல் வந்தது. 2015-ல் சட்டத்தைத் திருத்தி, மொத்தமாக அள்ளுவதை நிறுத்தினார்கள். பதிவுகள் இப்போது கம்பெனிகளிடமே இருக்கின்றன.

மாமாவிடம் பேசிவிட்டு வந்த வாரம், என் போனில் இருந்த கால் ஹிஸ்டரியை மட்டும் யாரோ வேற்றாள் மாதிரி படித்துப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை லேப், 2 நிமிஷம். மதியம் மறுபடி அதே எண், அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். உடனே அக்காவுக்கு, 38 நிமிஷம். செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டரின் கிளினிக். அன்று ராத்திரி 1.20-க்கு ஒரு நண்பனுக்கு, ஒரு மணி நேரத்துக்கும் மேல். பிறகு நாலு நாள் யாருக்குமே இல்லை. நடுவில் அப்பாவின் அழைப்பு, தினமும், எடுக்கப்படாமல். ஐந்தாம் நாள் எடுத்திருக்கிறேன், 40 விநாடி.

அந்த 40 விநாடியில் நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.